அத்தியாயம் 5: பழைய எம்.ஜி.பி.யைப் புதுப்பித்தல் – எதை வாங்குவது, எப்போது வாங்குவது

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு முதலில் வரும் பயம், பாகம் கிடைக்குமா என்பதுதான். எம்.ஜி.பி. விஷயத்தில் அந்தப் பயம் வேண்டாம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.க்கள் செய்யப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இத்தனை கார்கள் இருப்பதால், இதற்கு உதிரிபாகம் செய்து விற்பது இன்றைக்கும் கட்டுப்படியாகிற தொழில். திருகாணியிலிருந்து முழு பாடி வரை புதிதாகவே வாங்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பாகம் பல விலையில், பல தரத்தில் கிடைக்கும். அதில் உங்கள் காருக்குப் பொருந்துவது ஒன்றோ இரண்டோதான். வேலை பாதியில் நின்று விற்பனைக்கு வரும் கார்களைப் பாருங்கள். டிக்கி நிறையப் பிரிக்காத பெட்டிகள் இருக்கும்: புது குரோம் பம்பர், கார்பெட், மர ஸ்டீயரிங் வீல். பாடி மட்டும் துருவோடு அப்படியே நிற்கும். பணம் முதலில் போகவேண்டிய இடத்துக்குப் போகாததால் நின்றுபோன வேலைகள் அவை. எதை எப்போது வாங்குவது, வாங்கியதை எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில் காரை அடையாளம் காணுங்கள்

பார்வைக்கு எல்லா எம்.ஜி.பி.யும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே அப்படியில்லை. பதினெட்டு ஆண்டுகளில் நடந்த மாற்றங்களில் பாகம் வாங்குபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை:

• 1962–64: 1798 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின், கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மூன்று மெயின் பேரிங். இன்ஜின் எண் 18ஜி அல்லது 18ஜிஏ என்று தொடங்கும்.
• 1964 இறுதி முதல்: ஐந்து மெயின் பேரிங், எண் 18ஜிபி.
• 1965: கூரை வைத்த ஜி.டி. மாடல் வந்தது.
• 1967 இறுதியில் மார்க் 2: நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாசிட்டிவ் எர்த்துக்குப் பதில் நெகட்டிவ் எர்த். புது கியர்பாக்ஸுக்கு இடம் கொடுக்க நடு டனலையும் அகலமாக்கினார்கள்.
• 1974 இறுதி முதல்: கறுப்பு ரப்பர் பம்பர், சுமார் 1½ அங்குலம் உயர்த்தப்பட்ட பாடி, இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்குப் பதில் ஒரே 12 வோல்ட் பேட்டரி.

காரின் எண் தகட்டில் ஜி.எச்.என். என்று இருந்தால் திறந்த ரோட்ஸ்டர், ஜி.எச்.டி. என்றால் ஜி.டி. பாகப் பட்டியல்களில் "இந்த எண்ணுள்ள கார் வரை இது, அதற்குப் பிறகு அது" என்றுதான் போட்டிருப்பார்கள். ஆகவே ஆண்டை மட்டும் சொல்லிப் பாகம் கேட்கக் கூடாது. கார் எண், இன்ஜின் எண், கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் உண்டா இல்லையா, கம்பிச் சக்கரமா இரும்புச் சக்கரமா ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஆலையின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் உங்கள் கார் எந்தத் தேதியில், எந்த நிறத்தில், எந்த இன்ஜின் எண்ணோடு வெளிவந்தது, எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள்.

ஆனால் அந்தச் சான்றிதழ் சொல்வது, ஆலையைவிட்டுக் கிளம்பிய காரைப் பற்றி. ஐம்பது அறுபது ஆண்டுகளில் அந்தக் கார் எத்தனையோ கைமாறியிருக்கும். 1965-ஆம் ஆண்டு பாடிக்குள் 1973-ஆம் ஆண்டு இன்ஜின் இருப்பது சர்வசாதாரணம். கம்பிச் சக்கரக் காருக்கான பின் ஆக்சிலும் இரும்புச் சக்கரக் காருக்கான ஆக்சிலும் அகலத்தில் வேறுபடும். யாரோ ஒருவர் ஆக்சிலை மாற்றியிருந்தால் பட்டியலில் உள்ளபடி வாங்கிய பாகம் பொருந்தாது. எண்ணைப் பாருங்கள், பிறகு குனிந்து பாகத்தையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகே ஆர்டர் கொடுங்கள்.

பாடிக்குத்தான் முதல் செலவு

இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. காருக்குத் தனி சேசிஸ் உண்டு. எம்.ஜி.பி.க்குக் கிடையாது. பாடியே சேசிஸ். திறந்த காருக்குக் கூரையும் இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்து நிறுத்தும் பாரத்தில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிகளின் தலையில் விழுகிறது. இந்தப் பெட்டிக்குத்தான் சில் என்று பெயர். வெளித் தகடு, நடுவே ஒரு நெடுந்தகடு, உட்பக்கத் தகடு, அடியில் கோட்டை மதில்போல மேடுபள்ளமாக மடித்த ஒரு பட்டை என நான்கும் சேர்ந்ததே சில் பெட்டி. இதில் துரு ஏறினால் காரின் முதுகெலும்பே போயிற்று.

துரு எங்கிருந்து வருகிறது? முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் உள்ளே ஒரு தடுப்புத் தகடு உண்டு. அதன் விளிம்பில் ரப்பர் சீல் இருக்கும். சில ஆண்டுகளில் ரப்பர் காய்ந்து வெடித்துவிடும். சக்கரம் வாரி இறைக்கும் சேறும், இங்கிலாந்துச் சாலைகளில் பனிக்காலத்தில் தூவும் உப்பும் அந்த இடைவெளி வழியாகப் புகுந்து, சில் பெட்டியின் முன்முனையிலும் கதவுக் கீல் தூணின் அடியிலும் போய்த் தங்கும். தண்ணீர் வடிய வைத்த துளைகளும் அடைபட்டால் பெட்டி உள்ளிருந்து வெளியே அரிக்கும். பெயிண்ட் மேல் கொப்புளம் தெரியும்போது உள்தகடு பெரும்பாலும் மிச்சமிருக்காது.

சில் பெட்டியின் இரு முனைகளும் மட்கார்டுகளுக்குள் மறைந்திருக்கின்றன. ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும். பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பி, கண்ணுக்குத் தெரியும் நடுத்துண்டின் மேல் புதுத் தகடு ஒன்றை வைத்து வெல்டிங் செய்து பூசி மெழுகிவிடுவது பழைய தந்திரம். துருவுக்கு மூடி போட்ட கதை அது. கார் வாங்கும் முன் இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள்:

1. முன் மட்கார்டும் சில் பெட்டியும் சேரும் இடத்தில் செங்குத்தான கோடு ஒன்று தெளிவாகத் தெரிய வேண்டும். அது பட்டியால் மூடப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.
2. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில் நெடுகிலும் நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி தடியாக இருக்கிறது.
3. கதவை மூடி, பின்பக்க இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தின் ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி போட்டுச் சற்றே தூக்கி மறுபடி பாருங்கள். இடைவெளியின் அளவு மாறினாலோ கதவு திறக்க மறுத்தாலோ பாடி வளைகிறது என்று அர்த்தம்.

பின் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடம், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகள், தரைத் தகடு, பின் மட்கார்டின் அடிப்பகுதி ஆகியவற்றையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குத்துவது மரியாதை.

சில் மாற்றும்போது ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். வெட்டும் முன், கதவுத் திறப்பின் குறுக்கே கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு இரும்புக் குழாய் ஒன்றை வெல்டிங் செய்து இறுக்கிவிடுங்கள். காரின் எடை ஸ்டாண்டுகளில் சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். புதுத் தகட்டைப் புள்ளிப் புள்ளியாக மட்டும் பிடித்துவைத்துக் கதவை மாட்டுங்கள். இடைவெளி சரியாக வந்தால்தான் முழு வெல்டிங். கதவைப் பார்க்காமல் வெல்டிங் முடித்துவிட்டால் பிறகு அந்தக் கதவு எந்நாளும் ஒழுங்காக மூடாது. வேலை முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்சுவதையும், வடிகால் துளைகளைத் திறந்துவிடுவதையும் மறக்காதீர்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் டேங்க் டிக்கியின் தரைக்கு நேர் கீழே இருக்கிறது. பின்பக்கம் வெல்டிங் செய்வதற்கு முன் டேங்கையும் பெட்ரோல் பைப்பையும் கழற்றி வெளியே கொண்டுபோய்விடுங்கள். காலியான டேங்கில்தான் ஆவி அதிகம், அதுதான் வெடிக்கும்.

பாடி தேறாத நிலையில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் அந்தக் காலத்து அசல் அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி.யின் முழு பாடியைப் புதிதாகச் செய்து விற்கிறது. 1992-இல் வந்த எம்.ஜி. ஆர்.வி.8 கார் இந்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான். புதுப் பாடியின் விலையைக் கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் இரண்டு சில், தரை, நான்கு மட்கார்டு, பேட்டரிப் பெட்டிகள், அவற்றுக்கான டிங்கர் கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். புதுப் பாடி போட்டால் ரசீது முக்கியம். காரின் பழைய பதிவெண்ணைத் தக்கவைப்பது தொடர்பாக வாகனப் பதிவு அலுவலகம் அதைக் கேட்கலாம்.

பாகங்களில் ஐந்து வகை

பட்டியலில் ஒரே பெயரில் வரும் பாகம் ஐந்து வகையில் ஏதேனும் ஒன்றாக இருக்கும். எந்த வகை எதற்கு என்று தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

*பழைய அசல் சரக்கு.* அந்தக் காலத்தில் செய்து, விற்காமல் பெட்டியிலேயே தங்கிவிட்டது. பல்சக்கரம், விளக்கு, ஸ்விட்ச், ஸ்டீயரிங் பாகம் போன்ற உலோகப் பொருள்களை இந்த வகையில் கண்டால் விடாதீர்கள். ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் வாங்காதீர்கள். பிரேக் ஹோஸ், சிலிண்டர் சீல், டயஃப்ரம் எல்லாம் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும்.

*அசல் அச்சில் புதிதாகச் செய்தது.* ஹெரிடேஜ் தகடுகள் இந்த வகை. மட்கார்டு, சில், கதவுத் தகடு ஆகியவற்றுக்கு இதுவே முதல் தேர்வு. மலிவான நகல் மட்கார்டில் மிச்சமாகும் பணத்தை அதைப் பொருத்த ஆகும் கூலி விழுங்கிவிடும்.

*நகல்.* மாதிரியைப் பார்த்து வேறொருவர் செய்தது. இதில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. மிக எச்சரிக்கையாக இருக்கவேண்டியவை டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் ஆர்ம், கண்டென்சர், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ், கேம் ஃபாலோயர். நடுவில் ரிவெட் அடித்த ரோட்டர் ஆர்ம்களில் பல, சூடேறியதும் ரிவெட் வழியே மின்சாரத்தைக் கீழே கசியவிட்டு இன்ஜினை நடுரோட்டில் நிறுத்திவிடும். ரிவெட் இல்லாமல் வார்க்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கழற்றியது இன்னும் வேலை செய்தால் அதையே காரில் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

*பழுதுபார்த்துத் தருவது.* ஷாக் அப்சார்பர், கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், டைனமோ, ஓவர்டிரைவ், பிரேக் காலிப்பர் எல்லாம் இப்படிக் கிடைக்கும். உங்கள் பழையதைத் தந்தால் முன்பணம் திரும்ப வரும். முடிந்தவரை உங்களுடையதையே பிரித்துச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். மாற்றுக்கு வருவது பலமுறை கடைந்து தேய்ந்த பொருளாக இருக்கலாம். உங்களுடையது ஒருமுறைகூடத் திறக்கப்படாததாக இருக்கலாம்.

*பயன்படுத்தியது.* உடைக்கப்படும் கார்களிலிருந்து கழற்றியது. கியர்பாக்ஸ், ஆக்சில், கண்ணாடி இறக்கும் சாதனம், டாஷ்போர்டு மீட்டர்கள் எல்லாம் இந்த வழியில்தான் நியாய விலைக்கு வரும். சுமார் 1970 வரையிலான கார்களின் பானெட் அலுமினியம், பிறகு வந்தவை இரும்பு. ஆகவே நல்ல அலுமினியப் பானெட்டுக்கு எப்போதும் கிராக்கி. துத்தநாகக் கலவையில் வார்த்த கைப்பிடி போன்றவற்றில் குரோம் புள்ளி புள்ளியாக உரிந்திருந்தால் மறுபடி குரோம் ஏற்றுவது பெரும்பாலும் வீண். பள்ளம் அப்படியே தெரியும்.

எங்கே தேடுவது

இங்கிலாந்தில் மாஸ் யூரோப், அமெரிக்காவில் மாஸ் மோட்டார்ஸ் ஆகிய பெரிய வியாபாரிகளிடம் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும். எஸ்.யு. கார்புரேட்டர், எஸ்.யு. பெட்ரோல் பம்ப் இரண்டுக்கும் சால்ஸ்பரியில் உள்ள பர்லென் நிறுவனம்தான் இன்று அசல் உற்பத்தியாளர். கார்புரேட்டருக்கு நகல் வாங்க எந்தக் காரணமும் இல்லை.

எம்.ஜி. கார் கிளப் 1930-இலும் எம்.ஜி. ஓனர்ஸ் கிளப் 1973-இலும் தொடங்கியவை. சந்தாவைவிடப் பெரிய லாபம் அங்குள்ள அனுபவசாலிகளின் தொலைபேசி எண்கள். எந்த வியாபாரியின் கதவு ரப்பர் கதவை மூடவிடாது, எவருடைய புஷ் ஆறு மாதத்தில் பிளந்துவிடும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தரமான பாகத்தின் பெயரை அச்சிட்ட பட்டியலில் தேடுவதைவிட இவர்களிடம் கேட்பது மேல்.

நேரில் தேட, ஹாம்ப்ஷயரில் பியூலியூ மோட்டார் மியூசியத்தின் வளாகத்தில் ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் பழைய பாகச் சந்தைக்கு நிகரில்லை. 1967 முதல் நடக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அலைந்து பழகியவர்களுக்கு அந்தக் கூட்டமும் பேரமும் புதிதாக இருக்காது. காலிப்பர் அளவுகோல், சின்னக் காந்தம், டார்ச், உங்கள் காரின் நான்கு விவரங்கள் எழுதிய தாள் ஆகியவற்றோடு போங்கள். முடிந்தால் கழற்றிய பழைய பாகத்தையே பையில் எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் "எம்.ஜி.பி.க்குத்தான்" என்று சொல்வது எந்த ஆண்டு எம்.ஜி.பி. என்று சொல்வதாகாது.

கலிபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களிலிருந்து திரும்பி வரும் கார்களின் பாடியில் துரு குறைவு. ஆனால் வெயிலில் டாஷ்போர்டும் ரப்பரும் பாளம் பாளமாக வெடித்திருக்கும். இடது ஸ்டீயரிங்கை வலதுபக்கம் மாற்ற ஸ்டீயரிங் ரேக், பெடல் பெட்டி, டாஷ்போர்டு மூன்றுமே வேண்டும். 1975-க்குப் பிந்திய அமெரிக்கக் கார்களில் இரட்டை எஸ்.யு.வுக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் இருக்கும். வாங்கும் விலையோடு இதையெல்லாம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிரேக்கும் சக்கரமும்: இங்கே சிக்கனம் வேண்டாம்

பாடி முடிந்ததும் அடுத்த செலவு இதற்கு. பிரேக் ஹோஸ், பின்சக்கர சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் சீல், பிரேக் பைப் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். பைப்புக்குத் துருப்பிடிக்காத தாமிர–நிக்கல் கலவை நல்லது. பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் காற்றடித்துத் தூசு தட்டவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையிலிட்டு மூடிவிடுங்கள்.

முன் சஸ்பென்ஷனில் கிங்பின் இருக்கிறது. 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்ற வேண்டும், அதுவும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துத்தான். எடை ஏறியிருந்தால் கிரீஸ் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. முன்பக்க லீவர் ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. ஆகவே அதில் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங்கும் கெடும். கீழ் ஆர்முக்கு எம்.ஜி.பி.யின் வி8 இன்ஜின் மாடலுக்கான இரும்பு உறையுள்ள புஷ்களைப் போடுவது பலரும் செய்யும், பலனுள்ள மாற்றம்.

கம்பிச் சக்கரம் உள்ள காரில் ஹப்பின் பல் வரிசையை விரலால் தடவிப் பாருங்கள். பல்லின் தலை தட்டையாக இருந்தால் நல்லது. கத்தி முனைபோலக் கூர்மையாக இருந்தால் தேய்ந்துவிட்டது. ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரம் போட்டால் புதியதையும் அது தின்றுவிடும். காரின் இடப்பக்க ஹப்பில் வலது மரை, வலப்பக்க ஹப்பில் இடது மரை. நடுவில் உள்ள பெரிய நட்டைக் கழற்ற, கார் முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுற்றும் திசையிலேயே அடிக்க வேண்டும். ஆக்சில் வேலையில் ஹப்புகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டால் ஓட்டத்தில் நட்டு தானே கழன்று சக்கரம் வெளியே வந்துவிடும். மாட்டும் முன் மரையின் திசையை இருமுறை பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். கட்டை புதிதாக இருந்தாலும் பழைய டயர் இறுகிக் கல்லாகியிருக்கும். மழையில் பிடிக்காது.

இன்ஜின்: பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்

பி-சீரிஸ் முரட்டு இன்ஜின். கழற்றிவிட்டோமே என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. முதலில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் வேறுபட்டால் கவலையில்லை. சூடான இன்ஜின் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் நின்றால் பேரிங்குகள் நலமாக இருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஹெட்டைக் கழற்றினால் ஒரு வேலையைச் சேர்த்தே முடியுங்கள். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. பழைய ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளை அந்த ஈயம்தான் காத்துவந்தது. லேத் பட்டறையில் கொடுத்துக் கெட்டிப்படுத்திய சீட்டுகளைப் பொருத்திவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. பெட்ரோலில் இன்னொரு மாற்றம் 2021 செப்டம்பரில் வந்தது: சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸையும் சீல்களையும் அது இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸை டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றுங்கள். பம்ப்பில் 'சூப்பர்' என்று எழுதிய ஈ5 பெட்ரோலையே போடுங்கள்.

இன்ஜினுக்கு 20டபிள்யு-50 ஆயில். கியர்பாக்ஸுக்கும் அதே இன்ஜின் ஆயில்தான். கியர் ஆயில் என்று வேறொன்றை ஊற்றிவிடாதீர்கள். நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துச் சுற்றினால் தலை வழுக்கிப்போகும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று முதல் நாளே வாங்கவேண்டிய பாகங்களில் சேர்த்தி.

ஒயரிங்: மாற்றும் முன் சுத்தம் செய்யுங்கள்

லூகாஸ் மின்சாதனங்களைக் கேலி செய்வது வழக்கம். பழுதில் பெரும்பகுதி சாதனத்தில் இருக்காது. ஒயர்கள் சேரும் தோட்டா வடிவ இணைப்பிகளில் பச்சை பூத்த களிம்பில் இருக்கும். ஒவ்வொன்றாக இழுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி மறுபடி சொருகுங்கள். நிறங்களை நினைவில் வையுங்கள்: பழுப்பு – பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸ் இல்லாமல், வெள்ளை – சாவி போட்டதும் உயிர் பெறுவது, பச்சை – அதே, ஃப்யூஸ் வழியாக, ஊதா – எப்போதும் உயிருள்ளது, ஃப்யூஸ் வழியாக, நீலம் – ஹெட்லைட், சிவப்பு – சின்ன விளக்குகள், கறுப்பு – எர்த்.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பலர் மறுபடி மாட்ட மறந்துவிடுகிறார்கள். அப்போது ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் சோக் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சிவக்கச் சூடேறும். டாஷ்போர்டில் சோக் பிடி சுட்டால் காரணம் இதுதான். 1967-க்கு முந்திய கார் பாசிட்டிவ் எர்த் என்பதை மறந்து இன்றைய ரேடியோவையோ ஆல்டர்னேட்டரையோ நேராக இணைத்தால் அவை அந்த நொடியே பாழ்.

வாங்கும் ஒழுங்கு

பாடித் தகடு, பிரேக், சஸ்பென்ஷன், இன்ஜின், ஒயரிங், கடைசியில் குரோமும் உள் அலங்காரமும். இந்த வரிசையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரியதை அந்தக் கட்டம் தொடங்கும்போது மட்டும் வாங்குங்கள். முன்கூட்டி வாங்கிய கார்பெட்டை மூன்று ஆண்டு கழித்து விரிக்கும்போது அளவு சரியில்லை என்று தெரிந்தால் யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

பார்சல் வந்த அன்றே பிரித்து, கழற்றிய பழைய பாகத்தின் பக்கத்தில் வையுங்கள். நீளம், துளை, மரை, விளிம்பு நான்கையும் ஒப்பிடுங்கள். இதற்காகவே, புதியது காரில் ஏறி ஓடும்வரை பழையதைக் குப்பையில் போடக் கூடாது. ஒவ்வொரு பையிலும் எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை ஆணி என்று எழுதி வையுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் கதவு, பானெட், மட்கார்டு, பம்பர், கதவு ரப்பர் எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ரப்பர் தடித்ததால் கதவு மூடாவிட்டால் அது பெயிண்டுக்கு முன்பே தெரிய வேண்டும். ஸ்பிரே பெயிண்டில் ஐசோசயனேட் கலந்தவை நுரையீரலைக் கெடுக்கும். வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி இல்லாமல் அவற்றை வீட்டில் அடிக்காதீர்கள்.

முதல் 500 மைல்

புது கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால் முதல்முறை ஸ்டார்ட் செய்த பிறகு சுமார் 20 நிமிடம், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட விடுங்கள். ஐடிலில் விட்டால் கேமும் ஃபாலோயரும் தேய்ந்துபோகும். முதல் சில மைலுக்குப் பிறகு சக்கர நட்டுகளைச் சரிபாருங்கள். 500 மைலில் ஹெட் நட்டுகளை வரிசைப்படி 45 முதல் 50 பவுண்டு–அடி முறுக்கில் சோதித்து, வால்வு இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனைச் சான்று கட்டாயமில்லை. சாலைக்கு ஏற்ற நிலையில் காரை வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையதே. விருப்பப்பட்டு அந்தச் சோதனைக்குக் கொண்டுபோகத் தடையில்லை. கட்டணத்தைக் கட்டி ஒருமுறை காரை லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டிவிடுங்கள். நீங்கள் போட்ட வெல்டிங்கையும் பிரேக் பைப்பையும் உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அடியிலிருந்து பார்த்துக் குறை சொன்னால், அடுத்து வாங்கவேண்டிய பாகங்களின் பட்டியல் அதுதான்.